சோடியின் உயரம்

இந்த ரயிலில் ஏறாதீர்கள், தங்கச்சி. இது சின்னச் சின்ன இடமெல்லாம் நின்று நின்று போகும். நீங்கள் பாடர்போர்னுக்குத்தானே? இவ்வளவு பெரிய பெட்டியோடு ஏறினால் உள்ளே நிற்கவும் இடம் இருக்காது. அடுத்தது நான்கு ஏழுக்கு வரும். அது நல்லது. நானும் அதில்தான் போகிறேன். இருங்கள்.

நீங்கள் போனில் கதைத்ததைக் கேட்டுத்தான் தமிழ் என்று பிடித்தேன். 'அம்மா, சோஸ்ட்ல எறங்கிட்டேன்' என்றீர்கள். ஈரோடா? நல்லது. பல்கலைக்கழகத்துக்கு வந்திருக்கிறீர்கள், அதுவும் நல்லது. எங்கள் ஊர்த் தமிழை நான் என் வேகத்தில் கதைத்தால் உங்களுக்குப் பாதிதான் விளங்கும். நிறுத்தி நிறுத்திக் கதைக்கிறேன்.

போய்விட்டது. உள்ளே இடம் இருந்திருக்கிறது, பார்த்தீர்களா. இன்றைக்கு ஏனோ கூட்டமில்லை. பரவாயில்லை.

என் பெயர் பகீரதன். ஜெர்மன்காரருக்குப் பாகி. ஹாம் நகரில் ஒரு விளையாட்டுக் கழகம் நடத்துகிறேன். பகலில் கதவுத் தொழிற்சாலையில் வேலை. பதினோரு வயதில் சித்தப்பாவோடு இந்த நாட்டுக்கு வந்தவன், இந்த நாட்டுக்காக நெஞ்சில் கழுகுச் சின்னத்தோடு ஆடியிருக்கிறேன். இல்லை, கால்பந்து இல்லை. டேக்வாண்டோ. அதிலும் ஆளோடு ஆள் மோதுகிற பிரிவு இல்லை. பூம்சே என்று ஒன்று இருக்கிறது. முன்னால் ஒருவரும் நிற்க மாட்டார்கள். நிற்பதாக நினைத்துக்கொண்டு, வகுத்துவைத்த வரிசைப்படி தடுக்க வேண்டும், குத்த வேண்டும், உதைக்க வேண்டும். தொடங்கிய இடத்திலேயே வந்து முடிக்க வேண்டும். கால் பெருவிரல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது வரை நடுவர்கள் பார்ப்பார்கள்.

நானும் கத்ரினும் ஐரோப்பியப் போட்டியில் வெண்கலம் எடுத்த வருடம், ஒரு கலியாண மண்டபத்தில் சித்தப்பா எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். "எதிரியே இல்லாத சண்டையில இவன் மூண்டாவதாம். எதிரியும் வந்திருந்தால் எத்தினையாவதோ?" மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது.

கத்ரின் என்றது என் சோடி. மனைவி இல்லை. மனைவி வதனா. பூம்சேயில் தனியாக ஆடலாம், ஆணும் பெண்ணுமாகச் சோடியாகவும் ஆடலாம். சோடி என்றால் இரண்டு உடம்பு, ஒரு அசைவு. நடுவர் தொடங்கச் சொன்ன பிறகு ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. மூச்சைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். இருபது வருடம் அவள் என் மூச்சைக் கேட்டுத் தொடங்கினாள். வதனா சொல்லுவாள், "நான் மூண்டு தரம் கூப்பிடோணும். அவ மூச்சு விட்டால் உங்களுக்குக் கேக்குது." விளங்காமல் கதைக்கிறது. மூச்சு விட்டது நான். கேட்டது கத்ரின்.

இல்லை, இந்த வாங்கில் நீங்கள் இருங்கள், நான் நிற்கிறேன். இருந்து எழும்புவதுதான் கரைச்சல். சரி, இருக்கிறேன். இடுப்பில் கொஞ்சம் பிடிப்பு. கதவு தூக்குகிற வேலை, அப்படித்தான் இருக்கும். இடுப்பு மூட்டு மாற்ற வேண்டும் என்கிறார் டாக்டர். இங்கத்தைய டாக்டர்மாருக்கு எதையாவது வெட்டினால்தான் நிம்மதி.

அவசரமா எனக்கு? அவசரம்தான். இந்தப் பைக்குள் ஒரு சின்ன நீலப் புத்தகமும் ஒரு கடிதமும் இருக்கின்றன. ஐந்து மணிக்குள் லிப்ஸ்டாட்டில் இருக்க வேண்டும். இங்கிருந்து கால் மணி நேரம். விளையாட்டு மண்டபம் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கத்ரின் அங்கேதான் காத்திருக்கிறாள். நான் ஹாமிலிருந்து நேரே அங்கே போய் இறங்கியிருக்கலாம். ரயில் மாறவும் தேவையில்லை. கொஞ்சம் காற்றுப் பிடிக்கலாமென்று இங்கே இறங்கினேன்.

எப்போது என்று கேட்டால், இரண்டு மணியிருக்கும்.

அந்த நீலப் புத்தகம் அவளுடைய பாஸ். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒன்று இருக்கும். படம், பட்டம், வருடத்துக்கு ஒரு முத்திரை. எங்கள் கழகத்தில் எல்லாருடைய பாஸையும் நான்தான் வைத்திருக்கிறேன். தொலைக்க மாட்டேன் என்பதற்காக. ஒருவர் கழகம் மாற வேண்டுமென்றால் பாஸோடு, நாங்கள் விடுகிறோம் என்று ஒரு கடிதமும் வேண்டும். பயிற்சியாளர் கையெழுத்து வேண்டும். படமெடுத்துப் போனில் அனுப்பினால் சரிவராது. இந்த நாட்டில் தாள் என்றால் தாளாகவே போய்ச் சேர வேண்டும். அது இல்லாவிட்டால் புதுக் கழகத்தின் பெயரில் இன்றைக்கு அவள் பதிய முடியாது. இன்றைக்குப் பதியாவிட்டால் நாளைக்குத் தேர்வுப் போட்டியில் ஆட முடியாது. நாளைக்கு ஆடாவிட்டால் தேசிய அணிக்குக் கூப்பிட மாட்டார்கள். அடுத்த தேர்வுக்கு இரண்டு வருடம். அவளுக்கு இப்போது நாற்பத்தாறு.

கழகத் தலைவர் மார்ச்சிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டார். அவருக்கு என்ன தெரியும். என் கையெழுத்து மட்டும்தான் இல்லை.

பேனையா? இல்லை, வேண்டாம். உங்களிடமே இருக்கட்டும். நன்றி.

நான் அவளுக்குச் செய்யாதது எதுவுமில்லை, தங்கச்சி. அதைத்தான் சொல்ல வருகிறேன். கொரியோ என்று ஒரு வரிசை. அதில் பக்கவாட்டு உதை இரட்டையாக வரும். முதல் உதை எதிராளியின் முழங்காலுக்கு. அதே காலைக் கீழே வைக்காமல் இரண்டாவது உதை முகத்துக்கு. தனியாக ஆடுகிறவர்கள் முகத்துக்கும் மேலே கொண்டுபோய்க் காலை அங்கேயே நிறுத்திவைப்பார்கள். சோடியில் அப்படியில்லை. இரண்டு கால்களும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். ஒருவர் மேலே, ஒருவர் கீழே என்றால் புள்ளி குறைப்பார்கள்.

பத்துப் பதினொரு வருடத்துக்கு முதல் ஒரு போட்டியில் அப்படிக் குறைத்தார்கள். காணொளியைப் போட்டுப் பார்த்தால், அவளுடைய கால் என் காலுக்கு மேலே ஒரு சாண். சோடியை நினையாமல் ஆடியிருக்கிறாள். அன்றைக்கே சொன்னேன். "சோடியில் நீ மட்டும் மேலே போவது திமிர், கத்ரின்." அவள் திருப்பிக் கதைக்கிறவள் இல்லை. "சரி, பாகி" என்றாள். அடுத்த கிழமை அவளுடைய கால் என் காலின் உயரத்துக்குச் சரியாக வந்து நின்றது. அளவுகோல் வைத்தது போல. அதற்குப் பிறகு உயரத்துக்காக ஒரு புள்ளி நாங்கள் இழந்ததில்லை. அது பயிற்சியாளருடைய வேலை.

ஆனால் இறங்கத் தொடங்கிய கால் அதோடு நிற்கவில்லை. அடுத்த வருடம் இன்னும் கொஞ்சம் இறங்கியது. அதற்கடுத்த வருடம் இன்னும் கொஞ்சம். எங்கள் பயிற்சி மண்டபத்தில் ஒரு தூண் இருக்கிறது. அதில் உதையின் உயரத்துக்குச் சிவப்பு நாடா ஒட்டிவைப்பேன். அவளுக்கு மனம் நோகக் கூடாதென்று, அவள் வருவதற்கு முதலே போய், வருடா வருடம் நாடாவை இரண்டு விரல் கீழே ஒட்டுவேன். பழையதை உரித்தாலும் தடம் போகாது. இப்போது போய்ப் பார்த்தால் தூணில் ஒன்பது தடம், ஏணி மாதிரி. முகத்தில் தொடங்கி நெஞ்சுக்கு வந்துவிட்டது. நாடா இருக்கிற உயரத்துக்கு நானும் என் காலை வைத்துக்கொண்டேன். அவளுக்காக.

ஒருநாளும் அவளிடம் அதைச் சொல்லிக் காட்டவில்லை. ஒன்றிரண்டு தடவை பொதுவாகச் சொல்லியிருப்பேன். "வயது போனால் கால்தான் முதலில் சொல்லும்" என்று. "ஓம், பாகி" என்பாள். ஆமாம் என்பதற்கு எங்கள் ஊர் 'ஓம்' சொல்ல நான்தான் பழக்கினேன். அவள் மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். வலிக்கு ஒட்டுகிற பட்டிகளை நான் கேட்காமலே என் பைக்குள் வைத்துவிடுவாள். எதற்கு இது என்று கேட்டால், "எங்கள் வயதில் எல்லாருக்கும் தேவைப்படும்" என்பாள். பாவம், தன் வலியை அப்படித்தான் அவளுக்குச் சொல்லத் தெரியும் என்று நினைத்தேன். அவளுக்கு மனம் சுடக் கூடாதே என்று நானும் ஒட்டிக்கொண்டேன்.

போன் அடிக்கிறது. அவள்தான் எடுக்கிறாள். கொஞ்சம் பொறுங்கள்.

...

ஜெர்மன் விளங்குமா உங்களுக்கு? கொஞ்சம் விளங்குமா? ரயில் பழுதாகி நிற்கிறது என்றேன். சோஸ்டில் நிற்கிறது என்றேன். பேனை இல்லை என்று முதலே சொல்லியிருந்தேன், அதைக் கேட்டாள். ஒருவரிடம் வாங்கியிருக்கிறேன் என்றேன். நீங்கள் தந்தீர்கள்தானே. வாங்கவில்லை, அது வேறு. "சரி" என்றாள். அவ்வளவுதான் கதைப்பாள். வதனா என்றால் அரை மணி நேரம் பேசியிருப்பாள். இவளுடைய 'சரி'க்குப் பிறகு என்ன செய்வதென்றே தெரியாது.

சொல்லிக்கொண்டு வந்தேன். இந்தப் பெப்ரவரியில் ஒருநாள், தடிமன், மூக்கு ஒழுகுகிறது, பயிற்சிக்கு வரவில்லை என்று செய்தி அனுப்பினாள். மூன்று நாள் கழித்து எனக்குத் தெரிந்த நடுவர் ஒருவர் ஒரு காணொளி அனுப்பினார். ஒல்லாந்தில் ஏதோ சின்னப் போட்டி. 'வாழ்த்துகள், உங்கள் கத்ரின்' என்று எழுதியிருந்தார். போட்டுப் பார்த்தேன். தனியாக ஆடுகிறாள். கொரியோ. முழங்காலுக்கு ஒன்று. இரண்டாவது உதைக்குக் கால் போகிறது, போகிறது, நெஞ்சைத் தாண்டிப் போகிறது, முகத்தைத் தாண்டிப் போகிறது. அங்கே நிற்கிறது. ஒன்று, இரண்டு என்று எண்ணலாம். பின்னால் ஒரு தூண் இருந்திருந்தால் நாடா ஒட்ட ஏணி வேண்டும்.

நாற்பது தடவை பார்த்திருப்பேன். வதனா குசினிக்குள் இருந்து வந்து பார்த்துவிட்டு, "இது யார், கத்ரினே? கத்ரினுக்கு இவ்வளவு கால் தூக்கேலுமே?" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இரவுச் சாப்பாடு முடிந்து கோப்பை கழுவும்போதுதான் சொன்னாள், "அந்தப் பிள்ளைக்கு என்ன பொறுமை." எந்தப் பிள்ளைக்கு, என்ன பொறுமை? என்னை ஏமாற்றியவளைப் பற்றி இவள் அப்படிச் சொல்கிறாள்.

ஏமாற்றுத்தானே, தங்கச்சி? அவ்வளவு உயரத்தை வைத்துக்கொண்டு பத்து வருடம் என் முன்னால் நெஞ்சளவுக்கு உதைத்திருக்கிறாள். நேரே கேட்டேன். "எங்கே ஒளித்துவைத்திருந்தாய்?" ஒளிக்கவில்லை என்றாள். பயிற்சி முடிந்த பிறகு தூணுக்கு முன்னால் தனியாகச் செய்து பார்ப்பாளாம். "எப்போது? முடிந்த உடனே நாம் பூட்டிவிட்டுப் போகிறோமே" என்றேன். அதற்கு என்ன சொன்னாள் தெரியுமா? "நீ உடை மாற்றும் அறையில் காலுறை போட்டு முடிக்கும் வரைக்கும்" என்றாள்.

எனக்குக் காலுறை போடக் கொஞ்ச நேரம் எடுக்கும். குனிவது கரைச்சல். அதற்காக அப்படிச் சொல்வதா? இருபது நிமிடம் அவள் வெளியே நிற்பது எனக்காகக் காத்திருக்கத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தேர்வுப் போட்டிக்குத் தனியாகப் பெயர் கொடு என்று கேட்டாள். கொடுக்க மாட்டேன் என்றேன். என் கழகத்தில் நீ என் சோடி. நீ தனியாகப் போனால் நான் யாரோடு ஆடுவது? புதிதாக ஒருத்தியைப் பிடித்து என் மூச்சைப் பழக்க எனக்கு இன்னும் இருபது வருடமா இருக்கிறது? அதற்கும் 'சரி'. அடுத்த கிழமை இன்னொரு கழகத்தின் கடிதத்தோடு வந்து நின்றாள், விடு என்று.

நான் முடியாது என்று ஒருநாளும் சொல்லவில்லை. அதை நீங்கள் கவனிக்க வேண்டும். மார்ச்சில், பாஸ் முத்திரைக்குப் போயிருக்கிறது என்றேன். ஏப்ரலில், அவள் கொண்டுவந்த கடிதத்தில் திகதி பிழை என்றேன். பிழைதான், ஒரு நாள் பிழை. மே மாதம் எனக்கு இடுப்புச் சரியில்லை. ஒவ்வொரு தடவையும் அவள் திரும்பிப் போய்விட்டு மற்றக் கிழமை பயிற்சிக்கு வந்தாள். அதுதான் எனக்கு விளங்காதது. கோபித்துக்கொண்டு வராமல் விட்டிருந்தால் எனக்கும் ஒரு வழி தெரிந்திருக்கும். வருவாள். என் பக்கத்தில் நிற்பாள். என் மூச்சைக் கேட்டுத் தொடங்குவாள். அந்தக் காணொளிக்குப் பிறகும், தங்கச்சி, நெஞ்சளவுக்குத்தான் உதைத்தாள். அளவுகோல் வைத்தது போல.

போன செவ்வாய்க்கிழமை, பாஸையும் கடிதத்தையும் நானே மண்டபத்துக்குக் கொண்டுவந்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று தெரியாது. அவள் கேட்கவும் இல்லை.

என்ன சொல்கிறார்கள், ஒலிபெருக்கியில்? நான்கு ஏழு ரத்தா? சத்தியமாகவா? பார்த்தீர்களா, நான் சொன்ன பொய்யை ரயில்வேக்காரர் உண்மையாக்கிவிட்டார்கள். இனி என்னைக் குறை சொல்ல முடியாது. அடுத்தது நான்கு முப்பத்தேழு. அதில் போனாலும் ஐந்துக்குள் போய்விடலாம். போக முடியும்.

என்னைப் பார்த்து முறைக்காதீர்கள். உங்களை முதல் ரயிலில் விட்டிருக்கலாம்தான். இரண்டு மணியிலிருந்து ஒருவரும் இந்த வாங்கில் வந்து இருக்கவில்லை.

என்ன கேட்டீர்கள்? திரும்பச் சொல்லுங்கள். சோடியில் இரண்டு காலும் ஒரே உயரம் என்றால், யாருடைய காலுக்கு யாருடைய கால் இறங்கும் என்றா? தாழ இருக்கிறவருடைய காலுக்குத்தான் மற்றவருடையது இறங்கும். அதை ஒரு குழந்தையும் சொல்லும். அதனால்தானே நான் இறக்கினேன். நாடாவை ஒட்டியது நான் என்று சொன்னேன்தானே.

அதெல்லாம் ஆடிப் பார்த்தால்தான் விளங்கும். நீங்கள் படிக்க வந்தவர், உங்களுக்கு எல்லாம் கணக்காகத்தான் தெரியும்.

இந்தாருங்கள், பாஸைப் பாருங்கள். இது அவளுடைய இருபதாவது வயதுப் படம். பார்த்தால் சிரிப்பு வருகிற மாதிரி இருக்கும். இது கடிதம். மேலே அவளுடைய பெயர். இது தலைவருடைய கையெழுத்து. இந்தக் கோட்டில்தான் நான் போட வேண்டும். ஒரு நிமிட வேலை. போட்டுவிட்டால் செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில் நான் யாருக்குப் பக்கத்தில் போய் நிற்பது? அதை அந்தக் கடிதத்தில் எங்கேயும் கேட்கவில்லை. தனியாக நான் ஆட ஏலாது. தனியாக ஆடுகிறவர்கள் முகத்துக்கு மேலே உதைக்க வேண்டும். எனக்கு முடியாதென்றில்லை. பத்து வருடமாக அவளுக்காக இறக்கி இறக்கி, கால் அதை மறந்துவிட்டது.

எதிர்ப்பக்கம் வருகிற ரயில் லிப்ஸ்டாட்டிலிருந்து வருவது. இதில் நமக்கு ஒன்றுமில்லை.

பொறுங்கள்.

மூன்றாவது கதவு. சாம்பல் நிற மேற்சட்டை. அவள்தான். இங்கே எதற்கு வருகிறாள்? ரத்து என்று போனில் பார்த்திருப்பாள். பார்த்துவிட்டு, தானே வந்து வாங்கிக்கொண்டு முப்பத்தேழில் திரும்பலாமென்று கணக்குப் போட்டிருக்கிறாள். போகலாம், இறங்கி ஓடினால் போகலாம். நான் எந்த வாங்கில் இருக்கிறேன் என்றுகூட அவளுக்குச் சொல்லவில்லை. நேரே இந்தப் பக்கம்தான் பார்த்தாள். கை காட்டவில்லை. சுரங்கப்பாதைக்குள் இறங்குகிறாள். எப்படி இறங்குகிறாள் பாருங்கள், இரண்டு இரண்டு படியாக.

நான் எழும்ப வேண்டும். இருந்தபடி அவளைப் பார்க்கக் கூடாது. பையைக் கொஞ்சம் பிடியுங்கள். இல்லை, கை வேண்டாம், நானே எழும்புகிறேன். சில நேரம் இரண்டு தரம் எத்தனிக்க வேண்டும். இது ஒன்று.

வந்துவிட்டாள். இந்தப் பக்கத்துப் படியால் ஏறி வந்துவிட்டாள். அவளுக்கு முன்னால் இப்படி அரைவாசியில் நிற்க ஏலாது. சரி, உங்கள் தோளைத் தாருங்கள். ஒரு நிமிடம். ஒரே ஒரு நிமிடம்.

ஏன் நின்றுவிட்டாள்? அந்தத் தூணுக்குப் பக்கத்தில் நின்று என்ன பார்க்கிறாள்? நேர அட்டவணையா? இன்னும் பத்து நிமிடத்தில் ரயில், அட்டவணையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். போனில் எல்லாம் இருக்கிறதுதானே. கிட்டப் போய்க் குனிந்து பார்க்கிறாள். எழுத்துத் தெரியவில்லை போலிருக்கிறது. முதுகைக் காட்டிக்கொண்டு அங்கேயே நிற்கிறாள்.

நேராக நிற்கிறேனா? சட்டை சரியா? நன்றி, தங்கச்சி.

இப்போது வருகிறாள். எவ்வளவு மெதுவாக வருகிறாள், பார்த்தீர்களா. படியில் வந்த வேகம் எங்கே? சுரங்கப்பாதைப் படி ஏறினால் அவளுக்கு இப்போது இப்படித்தான். நான் சொன்னேன்தானே, அவளுக்கும் வயது போகிறது. ஒல்லாந்தில் ஒருநாள் நல்ல நாளாக இருந்திருக்கும். நாளைக்கு அந்தக் கால் எங்கே போகப்போகிறது. பாவம், தடுத்து என்ன.

அந்தப் பேனையைத் தாருங்கள்.